மராத்ர்

கணவர் மாரடைப்பில் போய்ச் சேர்ந்த கையோடு, மகளை அவருடைய அக்கா தன் வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டாள். பள்ளிக்கூடம் பக்கம், பரீட்சை முடியட்டும் என்றாள். வயிற்றில் சுமந்த மகள் அல்ல. தாயை இழந்து ஐந்து வயதில் கைக்கு வந்தவள். பத்து வருடம் வளர்த்த சித்திக்கு அன்று மறுத்துப் பேச வாய் வரவில்லை.

சித்திக்குப் பிரெஞ்சு கற்றுக்கொடுப்பது வேலை. ஒருநாள் வகுப்பில் ஒருவர் ‘மராத்ர்’ என்றால் என்னவென்று கேட்டார். இன்று கொடுமைக்காரத் தாய் என்று பொருள், ஆனால் ஆதியில் அப்பாவின் மறுமனைவி என்பதுதான் என்றாள். தெற்குப் பிரான்சின் ஒக்சித்தான் மொழியில் ‘மைராஸ்த்ரா’, ஸ்பானிஷில் ‘மத்ராஸ்த்ரா’ என்று அதன் உடன்பிறப்புகள் இன்னும் உறவுச் சொல்லாகவே புழங்குகின்றன. பிரெஞ்சிலோ அது வசவாகிப்போக, மரியாதைக்கு ‘பெல்மேர்’, அதாவது அழகான அம்மா, வந்து உட்கார்ந்துகொண்டது. மாமியாருக்கும் அதே சொல்தான் என்றதும் வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்தாள்.

அப்போதுதான் நாத்தனாரிடமிருந்து போன் வந்தது. பெண்ணுக்குக் குடல்வால் ஆபரேஷன், நேற்றே முடிந்துவிட்டதாம். முடிந்தபிறகுதான் சொல்லத் தோன்றியிருக்கிறது.

ஓட்டமும் நடையுமாக ஆஸ்பத்திரிக்குப் போனாள். கட்டிலருகே நின்ற நர்ஸ், இவங்க யார் என்று பெண்ணிடம் கேட்டாள்.

“அப்பாவோட வொய்ஃப்.”

குரலில் வெறுப்பில்லை. வெறுப்பிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். சற்றுமுன் வகுப்பில் குற்றமில்லாதது என்று தானே எடுத்துச் சொன்ன பொருள், இப்போது நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

நர்ஸ் மாத்திரைகளை வைத்துவிட்டு நகர்ந்ததும், எப்போது தன் வீட்டுக்கு அனுப்புவீர்கள் என்று பக்கத்தில் நின்ற நாத்தனாரைக் கேட்டாள்.

“இனிமே எங்ககூடவே இருக்கட்டும்மா. அவளே சொல்லிட்டா. உனக்கும் வயசு இருக்கு, உன் வாழ்க்கையப் பாரு.”

பெண் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சித்தி மாத்திரைகளைப் பார்த்து, “இவளுக்கு முழுசா முழுங்க வராது அண்ணி. பொடிச்சுக் குடுங்க,” என்றாள்.

“அதெல்லாம் சின்ன வயசுல, சித்தி. இப்ப முழுங்கிடறேன்.”

சொன்னதோடு விடாமல் ஒன்றை வாயில் போட்டு, தண்ணீர் குடித்தும் காட்டினாள். சித்தி “சரிடா” என்றாள். நெற்றி முடியை ஒதுக்கப்போன கை பாதியிலேயே தாழ்ந்து, போர்வையை இழுத்துவிட்டது.

படியிறங்கும்வரை தாக்குப்பிடித்தாள். வாசலில் வரிசையாகப் போட்டிருந்த நாற்காலிகளில் ஒன்றில் உட்கார்ந்து, வருவோர் போவோர் பார்க்க, வாய்விட்டு அழுதாள்.