எழுதிக் கொடுக்காத குரல்

தேயிலை ஃபேக்டரியில் ரோலர் ஓடத் தொடங்கினால், தோட்டத்துக் கூலிக்காரர்கள் குடியிருக்கும் லயத்து வீடுகளில் மின்சாரம் இளைத்துவிடும். பல்பு மஞ்சளாகும், கம்ப்யூட்டர் ஒருமுறை விக்கி அணைந்துபோகும். அதற்குள் முடிந்தவரை வேலையை முடிக்க வேண்டுமென்று வனிதா கோழி கூவுமுன்பே எழுந்து உட்கார்ந்துவிடுவாள். மழைக்காலத்துத் தேவாலாவில் விடியல் என்றால் ஈர விறகுப் புகையும் எலும்புக்குள் ஏறும் குளிரும்தான். விரல் விறைத்து, வரைகிற பேனா நழுவும். டீத் தம்ளரைப் பிடித்துச் சூடேற்றிக்கொண்டு மறுபடி வரைவாள். ஒரு பெண் கூடையை முதுகுக்கு ஏற்றும் அசைவைக் காட்ட எத்தனையோ படங்கள் வேண்டும். ஒன்றில் முழங்கை பிசகினாலும் எல்லாம் பாழ். பள்ளிக்கூடம் முடித்ததும் கொழுந்து பறிக்கப் போனவள் அவள். இது அதைவிட லேசான வேலை என்று ஒருநாளும் சொன்னதில்லை. இடுப்பு அதே இடத்தில்தான் வலித்தது.

கூட்டாளிகள் இரண்டு பேர். பக்கத்து லயத்துச் சசிதரன் படங்களை ஓடவைக்கும் நிரலை எழுதுவான். சர்ச்சில் கீபோர்டு வாசிக்கும் சில்வஸ்டர் ஒலியைப் பார்த்துக்கொள்வான். மூன்று பேரும் பகலில் கூலிக்குப் போய்க்கொண்டே, வருஷக்கணக்கில் ராத்தூக்கத்தைத் தின்று ஒரு வீடியோ கேமை உருவாக்கியிருந்தார்கள்.

தேயிலை மலையில் மூடுபனி இறங்கினால் பக்கத்துச் செடி நிரையில் நிற்பவள் கண்ணுக்குத் தெரிய மாட்டாள். பத்தடியில் யானை நின்றாலும் தெரியாது. அதனால் பறிக்கிற பெண்கள் விட்டுவிட்டுக் கூவிக்கொள்வார்கள். ஆளுக்கொரு கூவல். எல்லாக் கூவலும் வந்து சேராமல் யாரும் கொழுந்தை நிறுக்க இறங்குவதில்லை. இதுதான் விளையாட்டு. ஆடுபவர் பனிக்குள் நின்று காதால் ஒவ்வொருத்தியையும் கண்டுபிடித்துக் கூட்டிவர வேண்டும். கூவல்கள் எல்லாம் நிஜக் கூவல்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் சில்வஸ்டர் மலைக்குப் போய், லயத்துப் பெண்களைக் கூவச் சொல்லிப் பதிவு செய்தான். அவற்றில் எல்லாவற்றையும்விட உரக்க ஒலித்தது வனிதாவின் அம்மா தெய்வம்மாவின் குரல். கடைசி எழுத்தை அவள் இழுத்து மேலே தூக்கி விடுவாள். கேட்ட பெண்கள் சிரித்துப் புரண்டார்கள்.

அந்த விளையாட்டை உலகம் முழுக்கக் கொண்டுபோகிறேன் என்று வந்தவர் மனோகரன். கோயம்புத்தூரில் கம்பெனி, ஊட்டி பெர்ன்ஹில்லில் பங்களா. தடித்த ஒப்பந்தக் கட்டு ஒன்றைக் கொண்டுவந்து மரியாதையாக நீட்டினார். வனிதாவின் அப்பா எல்லப்பன் அதைக் கண்ணில் ஒற்றாத குறை. சிலோனிலிருந்து கப்பலேறி வந்த சனம் இது. காகிதம் வைத்திருந்த குடும்பத்துக்கு வேலையும் வீடும் கிடைத்ததையும், இல்லாத குடும்பம் ரோட்டில் நின்றதையும் பார்த்து வளர்ந்தவர் அவர். இவ்வளவு காகிதம் எழுதித் தருகிறவன் ஏமாற்ற மாட்டான் என்றார். மூவரும் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார்கள். போட்டதோடு நிற்கவில்லை. அதில் சொல்லியிருந்தபடியெல்லாம் ஒழுங்காக நடந்துகொண்டார்கள், பாவிகள். எல்லா வேலையும் கம்பெனிக் கம்ப்யூட்டரிலேயே இருக்க வேண்டும், நெட்டு வழியாக மட்டும் அதில் நுழைந்துகொள்ளலாம், வீட்டில் எதையும் வைத்துக்கொள்ளக் கூடாது, அசல் பதிவுகளை அழித்துவிட வேண்டும் என்றிருந்தது. ஊரில் வேறு எவனாவது என்றால் ஒரு நகலைத் தலையணைக்கடியில் ஒளித்து வைத்திருப்பான். சில்வஸ்டர் ஒன்றுவிடாமல் அழித்தான். அழித்துவிட்டோம் என்று மூவரும் எழுதியும் கொடுத்தார்கள்.

அதன் பிறகு நடந்தது எல்லா முதலாளிகளும் செய்கிற வேலைதான். முடித்துக் கொடுத்த வேலைக்குத் தருவதாகச் சொன்ன பணம் முதலில் பாதியானது. விளம்பரச் செலவு என்று மிச்சமும் தேய்ந்தது. விளம்பரத்தை யாரும் பார்க்கவில்லை, விளையாட்டும் வெளியே வரவில்லை. ஆனால் செலவு தீராத வரைக்கும் விளையாட்டு கம்பெனியுடையது என்று ஒப்பந்தம் சொன்னது. அந்தச் செலவைச் சொல்கிறவரும் மனோகரன்தான்.

போன ஆடி மழையில் நெஞ்சில் சளி கட்டிப் படுத்த தெய்வம்மா எழுந்திருக்கவில்லை. அவளிடம் இருந்தது பட்டன் போன். உறவுக்காரர் கல்யாண வீடியோ ஒன்றில் வருகிறாள். மேளச் சத்தத்தில் வாய் அசைவது மட்டும் தெரியும். ஆகவே அந்தப் பெண்ணின் குரல் உலகத்தில் மிஞ்சியிருந்த ஒரே இடம் அந்த விளையாட்டு.

எல்லப்பன் சாயங்காலங்களில் கம்ப்யூட்டர் முன் வந்து உட்காருவார். ஆடத் தெரியாது, ஆடவும் மாட்டார். திரையில் பனிக்குள் நிற்கும் பெண்ணை நகர்த்தாமல் அப்படியே நிற்க விடுவார். கொஞ்ச நேரத்தில் எங்கோ மேலிருந்து தெய்வம்மா கூவுவாள். இரண்டு முறை கேட்டுவிட்டு எழுந்துபோய்ச் சாப்பிடுவார். வனிதா அந்நேரம் அடுப்பங்கரையை விட்டு வர மாட்டாள். அவருடைய முகத்தைப் பார்க்க அவளால் முடியாது.

மழை பிடித்துக்கொண்ட ஒரு விடியற்காலையில் கம்ப்யூட்டர் அவளை உள்ளே விடவில்லை. உங்களுக்கு அனுமதி இல்லை என்றது. சசிதரனுக்கும் இல்லை, சில்வஸ்டருக்கும் இல்லை. பாஸ்வேர்டை மாற்றிவிட்டார்கள். அன்று சாயங்காலம் எல்லப்பன் வந்து உட்கார்ந்தபோது, நெட்டு இல்லைப்பா என்று பொய் சொன்னாள். மறுநாளும் சொன்னாள். மூன்றாவது முறை அவர் கேட்கவில்லை. வெறும் திரைக்கு முன்னால் கொஞ்சம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போனார்.

குன்னூரிலிருந்து ஷைனா என்ற பெண் போன் செய்தாள். அவளும் நண்பர்களும் செய்த விளையாட்டையும் மனோகரன் இதே மாதிரி பூட்டியிருந்தார். எமரால்டு ஊர்ப் பக்கத்தில் ஒரு குழு, கோத்தகிரியில் ஒரு குழு, எல்லாருக்கும் அதே கதை. அத்தனையையும் ஒரே கட்டாக வெளிநாட்டுக் கம்பெனிக்கு விற்கப் பார்க்கிறார் என்றாள். அதற்கு ஒவ்வொரு விளையாட்டிலும் ஏதாவதொரு கையெழுத்துப் பாக்கி இருந்தது. வனிதாவின் விளையாட்டில் பாக்கியிருந்தது, குரல் கொடுத்த பெண்கள் தங்கள் குரலை எழுதிக் கொடுக்க வேண்டிய காகிதம். இறந்துபோனவளுக்கு அவள் புருஷன் போட வேண்டும். ஒப்பந்தத்தைக் கிழித்து விளையாட்டுகளைத் திருப்பித் தரும்வரை யாரும் போடுவதில்லை என்று மற்றவர்கள் முடிவு செய்திருந்தார்கள்.

"நீங்க போட்டீங்கன்னா உங்களைக் குத்தம் சொல்ல மாட்டோம் வனிதா. ஆனா ஒரு எடத்துல விட்டுக்குடுத்தா அதோட எல்லாருக்கும் முடிஞ்சிரும்" என்றாள் ஷைனா.

ஞாயிற்றுக்கிழமை மனோகரனே தேவாலாவுக்கு வந்துவிட்டார். இனிப்புப் பெட்டிகளோடும் கையெழுத்துக் காகிதங்களோடும் லயத்து வாசலில் கார் நின்றது. பெண்கள் குழாயடியிலிருந்து குடத்தோடு வந்து கூடினார்கள். எல்லப்பன் உள்ளே படுத்திருந்தார்.

"பாருங்க அம்மிணி, நீங்க செஞ்சது நல்ல வேலைங்க. நான் இல்லேன்னு சொல்லலை. ஆனா அக்ரிமெண்ட்டுன்னா அக்ரிமெண்ட்டுங்க" என்று வனிதாவிடம் தொடங்கினார்.

"வெளையாட்டுலேர்ந்து எங்க பேரையே எடுத்துட்டீங்களே சார்" என்றான் சசிதரன்.

"பேர் போடறது கம்பெனி இஷ்டமுங்க தம்பி. அதுல எழுதியிருக்குதுங்களே, படிக்கலீங்களா?"

விளம்பரத்தை எங்கே போட்டீர்கள் என்று சில்வஸ்டர் கேட்டதற்கு, அது வியாபார ரகசியம் என்றார். பெண்களில் மூத்தவளான ராஜகுமாரி குடத்தைக் கீழே வைத்தாள். தெய்வம்மாவோடு ஒரே நிரையில் காலம் தள்ளியவள் அவள்.

"எங்க கையிலேர்ந்து கொழுந்தை வாங்குனாங்க. இப்ப தொண்டையையும் எழுதி வாங்க வந்துட்டீங்களா தொரை?" என்றாள். பெண்கள் சிரித்தார்கள்.

மனோகரனும் சிரித்தார். சிரித்துக்கொண்டே போனை எடுத்து விரலால் ஒருமுறை தொட்டார். தெய்வம்மா கூவினாள்.

கடைசி எழுத்து இழுபட்டு மேலே போனது. எல்லப்பன் வேட்டியைக்கூடச் சரியாகக் கட்டாமல், தடுக்கி விழப் பார்த்து வாசலுக்கு ஓடிவந்தார். யாரைத் தேடி வந்தார் என்று அங்கே எல்லாருக்கும் தெரிந்தது. மனோகரன் விரலை வைத்து நிறுத்தினார்.

"எல்லாரும் கையெழுத்துப் போட்டுட்டா இதை இன்னிக்கே உங்க போனுக்கு அனுப்பிடறேனுங்க அண்ணா. காலத்துக்கும் கேட்டுக்கலாம்" என்றார்.

ராஜகுமாரி எல்லப்பனைப் பார்த்தாள். அவர் போனை நோக்கிக் கையை நீட்டியபடி நின்றிருந்தார். அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"பேனாவைக் குடுங்க. அவ குரல் ஊட்டுக்கு வரட்டும். எங்க குரல் போனாப் போகுது."

அவளுக்குப் பின்னால் மற்ற பெண்களும் ஒருவர் பின் ஒருவராக வந்து நின்றார்கள். ஒருத்திகூட யோசிக்கவில்லை. வேண்டும் என்றுதான் வனிதாவின் உடம்பெல்லாம் கேட்டது. அம்மா வேண்டும். சாயங்காலம் அப்பா சாப்பிட வேண்டும். இந்தப் பெண்கள் மனசாரத் தருகிறார்கள், வாங்கிக்கொண்டால் என்ன? ஷைனா சொன்னது நினைவுக்கு வந்தது. யாரும் குற்றம் சொல்ல மாட்டார்கள் என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. மனோகரன் அதற்குள் நீட்டியிருந்த பேனாவை ராஜகுமாரியின் விரல்களிலிருந்து மெதுவாக உருவினாள்.

"வேணாங்க்கா."

"யோசிச்சுச் சொல்லுங்க அம்மிணி" என்றார் மனோகரன். குரலில் இருந்த சர்க்கரை குறைந்திருந்தது. "ஸ்டுடியோவுல வேற ஆளை வெச்சுப் புதுசா கூவ வெச்சுக்க எங்களுக்கு எவ்வளவு நேரமாகும்? அப்புறம் இதெல்லாம் தேவையில்லீங்க. அழிச்சிருவோம்."

"அப்ப எதுக்கு சார் இந்த மழையில இவ்வளவு தூரம் வந்தீங்க?"

மனோகரன் எல்லப்பனின் பக்கம் திரும்பினார். எல்லப்பன் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னொரு தடவ போடுங்க" என்றார் எல்லப்பன்.

"போடுங்க கையெழுத்தை. அப்புறம் எத்தனை தடவை வேணும்னாலும் கேளுங்கண்ணா."

எல்லப்பன் மகளைப் பார்த்தார். வரிசையில் நின்ற பெண்களைப் பார்த்தார்.

"அப்ப வேணாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

ஒரு வாரத்துக்குள் அந்தக் குரல்கள் இருக்காது என்று சொல்லிவிட்டு மனோகரன் காரில் ஏறினார். சொன்னதைச் செய்கிறவர்தான். இனிப்புப் பெட்டிகளை ராஜகுமாரி பின்சீட்டில் வைத்துக் கதவைச் சாத்தினாள். வனிதா குழாயடிக்குப் போய் முகத்தைத் தண்ணீரில் வைத்துக்கொண்டு அழுதாள். பெண்கள் சுற்றி நின்றார்கள். அம்மாவை இரண்டாம் தடவை புதைத்ததுபோல இருந்தது அவளுக்கு. இந்தத் தடவை மண்ணள்ளிப் போட்டது அவளே.

அழுது முடிந்ததும் ஷைனாவுக்குப் போன் செய்து, நாங்களும் போடவில்லை என்றாள். பிறகு ஷைனா, மற்ற குழுக்களுக்கும் சொல்லிவிடுகிறேன், எல்லாரும் ஒரே இடத்தில் உட்கார்ந்து பேசலாம் என்றாள். கூடலூரில் தோட்டத் தொழிலாளர் சங்கத்து அறையை ராஜகுமாரி கேட்டு வாங்கினாள். கம்ப்யூட்டர் வேலைக்காரர்களுக்கும் சங்கமா என்று அங்கே முதலில் சிரித்தார்கள். விஷயத்தைக் கேட்டபின் சிரிக்கவில்லை. வக்கீல் ஒருவர் வருகிறேன் என்றார். ஜெயிப்போம் என்று அவரும் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மழை விடவில்லை. கூடலூர் பஸ்ஸில் குரல் கொடுத்த பெண்கள் அத்தனை பேரும் ஏறிவிட்டார்கள். சசிதரனும் சில்வஸ்டரும் படியில் தொங்கினார்கள். வண்டி கிளம்பப் போகிற நேரத்தில், சலவைச் சட்டை போட்டுக்கொண்டு எல்லப்பன் குடை இல்லாமல் நனைந்தபடி வந்து ஏறினார். அந்த வாரம் முழுக்க அவர் வனிதாவோடு ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. நெரிசலில் நகர்ந்து வந்து, அவள் பிடித்திருந்த அதே கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க எதுக்குப்பா? மழையில" என்றாள் அவள்.

"ஒங்கம்மா இருந்திருந்தா இந்நேரத்துக்கு எல்லாருக்கும் முந்தி ஏறி, நமக்கும் சேத்து எடம் புடிச்சு வெச்சிருப்பா" என்றார் எல்லப்பன்.

ராஜகுமாரி நெருக்கி உட்கார்ந்து சீட்டில் இடம் விட்டாள்.