கிரகம் வந்த விடுமுறை

விடுமுறைக்கு முந்தின நாள் பல் டாக்டருக்குத் தலைசொறிய நேரமிருக்காது. மாசக்கணக்கில் ஆடிக்கொண்டிருந்த பல்லுக்கெல்லாம் அன்றைக்குத்தான் அவசரம் வரும். அன்றும் கடைசி ஆளின் வாயில் பஞ்சை வைத்து அனுப்பிவிட்டு, கையுறையைக் கழற்றி எறிந்தபோது அவளுக்கு இடுப்பு இற்றுவிட்டது.

வெயில் காலம் முடிந்து குளிர் இன்னும் வந்து சேராத சமயம். காலையில் ஜன்னல் கண்ணாடி லேசாக வேர்த்திருக்கும்; சாயங்காலம் சொல்லாமல் கொள்ளாமல் இருட்டிவிடும். வாரக்கடைசியோடு ஒட்டிக்கொண்டு மூன்று நாள் விடுமுறை. அந்த மூன்று நாளும் யார் வாய்க்குள்ளும் எட்டிப் பார்ப்பதில்லை என்று சத்தியம் செய்துகொண்டு வீட்டுக் கதவைத் திறந்தாள். கூடத்தின் நடுவில் இடுப்புயரத்துக்கு ஒரு வெள்ளைக் குழாய் முக்காலியில் நின்றது. பக்கத்து சோஃபாவில் கிரகம் உட்கார்ந்திருந்தது.

கிரகம் என்பது நாத்தனாரின் கணவர். காப்பீட்டு நிறுவனத்தில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒவ்வொரு தடவை வரும்போதும் ஒரு பித்தோடு வருவார். போன தடவை மூச்சுப் பயிற்சி, அதற்கு முன்னால் காளான் வளர்ப்பு. இந்தத் தடவை வானசாஸ்திரம், தொலைநோக்கிகூட வாங்கியாகிவிட்டது என்று ஃபோனிலேயே தகவல் வந்துவிட்டது. ஃபோனை வைத்த கையோடு டாக்டர் அவருக்கு வைத்த பெயர்தான் கிரகம். அன்றிலிருந்து அவள் மனசுக்குள் அவர் அஃறிணை ஆகிவிட்டார். கிரகம் சாப்பிட்டது, கிரகம் ஏப்பம் விட்டது, கிரகம் குளியலறை விளக்கை அணைக்கவில்லை.

"வாம்மா டாக்டரம்மா. நாளைக்கு என்ன நாள் தெரியுமா?" என்றது கிரகம்.

"லீவு நாள், அண்ணா."

"அதில்லம்மா. பகலும் ராத்திரியும் சமமா இருக்கிற நாள். வருஷத்துல ரெண்டே தடவைதான் வரும்."

சோஃபாவில் கிரகமும் டாக்டரின் கணவருமாக இரண்டு ஆண்கள் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். அடுக்களையில் நாத்தனார் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். இந்த வீட்டில் சமமாக இருப்பது பகலும் ராத்திரியும் மட்டும்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, கைப்பையை வைத்துவிட்டு டாக்டரும் அடுக்களைக்குள் போனாள்.

மறுநாள் காலையிலேயே கிரகம் வேலையை ஆரம்பித்துவிட்டது. ஜன்னலுக்கு வெளியே ஒரு விரலை நீட்டி, காற்றைத் தொட்டுப் பார்த்தது.

"ஈரமே இல்ல. இன்னைக்குச் சாயங்காலம் வானம் துடைச்சு வச்ச மாதிரி இருக்கும். மழைக்குச் சான்ஸே இல்ல. சனி கிரகத்தை வளையத்தோட காட்டறேன், எல்லாரையும் கூப்பிடு" என்றது.

"ஆமா மாமா" என்றார் டாக்டரின் கணவர். அவர் கல்லூரியில் பொருளாதாரம் நடத்துகிறவர். அங்கே மாணவர்களைத் தலையெடுக்க விடமாட்டார் என்று கேள்வி. அக்கா வீட்டுக்காரர் எதிரில் மட்டும் அவர் பூம்பூம் மாடு.

"சனியைப் பார்க்க மாடிக்கு வேற ஏறணுமா?" என்று டாக்டர் முணுமுணுத்தாள். அது நாத்தனார் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. அவள் குனிந்த தலை நிமிராமல் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

கணவர் குடியிருப்பு முழுக்க ஏறி இறங்கி அழைப்பு வைத்துவிட்டு வந்தார். அப்படியே, "எல்லாருக்கும் டீ போட்டுடேன்" என்று ஒரு வரியையும் மெதுவாகச் சேர்த்துக்கொண்டார்.

சாயங்காலம் இருட்டுகிற நேரத்துக்கு மொட்டைமாடி நிரம்பிவிட்டது. கீழ்வீட்டு வக்கீல் கழுத்தில் மஃப்ளரோடு வந்தார். செருப்புக்கடைக்காரர் மனைவியோடும் மடக்கு நாற்காலியோடும் வந்தார். காற்றில் ஈர வாசனை அடித்தது. வடக்கே மேகம் கறுப்பாகத் திரண்டுகொண்டிருந்ததைக் குழந்தைகூடக் காட்டியிருக்கும். கிரகம் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. குழாயைக் கிழக்கே திருப்பி, ஒரு கண்ணை மூடி, எதையோ திருகித் திருகிக் கடைசியில், "பிடிச்சுட்டேன்" என்றது.

முதலில் வக்கீல் குனிந்தார்.

"அடேங்கப்பா. வளையம் அப்படியே தெரியுதுங்க. பக்கத்துல ரெண்டு நிலாகூடத் தெரியுது."

"உங்களுக்கு நல்ல கண்ணு" என்று கிரகம் பூரித்தது.

பிறகு செருப்புக்கடைக்காரர். "தங்க வளையல் மாதிரி இருக்கு." பிறகு மாடிவீட்டுக்காரர்கள், அவர்கள் வீட்டு விருந்தாளிகள். எல்லாருக்கும் தெரிந்தது. டாக்டரின் கணவர் மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரம் குனிந்திருந்துவிட்டு, "ரொம்பத் தெளிவா இருக்கு மாமா" என்றார்.

டாக்டர் டீ டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டே அந்த முகங்களைப் பார்த்தாள். பல்லில் துளைபோடும்போது "வலிக்கலையே?" என்று கேட்டால், கண்ணில் நீர் முட்ட "இல்ல டாக்டர்" என்று சிலர் தலையாட்டுவார்கள். அதே முகம்தான் ஒவ்வொன்றும்.

"நீயும் வந்து பாரும்மா. எப்பப் பார்த்தாலும் சொத்தைப் பல்லையே பார்த்துக்கிட்டு இருந்தா எப்படி?" என்றது கிரகம். கூட்டம் சிரித்தது. கணவரும் சிரித்தார்.

டம்ளர்களைக் கீழே வைத்துவிட்டு அவள் குனிந்தாள். வளையம் இருந்தது, இல்லையென்று சொல்வதற்கில்லை. மஞ்சளாக, கொழகொழவென்று ஒரு வளையம். நடுவில் வெறும் ஓட்டை.

"நடுவுல உருண்டையா கிரகம் இருக்கணுமே, அண்ணா?"

"அது இன்னைக்கு மறைஞ்சிருக்கு. வளையம் மட்டும் தெரியற சீசன் இது."

டாக்டர் கண்ணை எடுத்துவிட்டு, குழாய் காட்டுகிற திக்கில் வெறும் கண்ணால் பார்த்தாள். இரண்டு தெரு தள்ளி ஒரு கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. விடுமுறையிலும் அங்கே வேலை நடந்தது. கட்டடத்துக்கு மேலே கிரேன். கிரேனின் உச்சியில் மஞ்சளாக ஒரு விளக்கு. அதற்குப் பின்னால் வானத்தில் மேகத்தைத் தவிர வேறு எதுவும் இல்லை. திருகாணியைச் சரியாகத் திருகாத குழாயில் விளக்கு வளையமாக விரிந்திருந்தது, அவ்வளவுதான்.

அப்போதே கிரகத்தின் காதோடு சொல்லியிருக்கலாம். டாக்டர் டம்ளர்களை மறுபடி எடுத்துக்கொண்டு கைப்பிடிச் சுவரோரமாகப் போய் நின்றாள்.

ரொம்ப நேரம் நிற்க வேண்டியிருக்கவில்லை. செருப்புக்கடைக்காரரின் மனைவி இரண்டாவது முறை பார்க்க ஆசைப்பட்டுக் குனிந்திருந்தாள். கட்டடத்தில் அன்றைய வேலை முடிந்தது போலிருக்கிறது.

"காணோமே" என்றாள் அந்த அம்மாள்.

"மேகம் வந்திருக்கும். கொஞ்சம் பொறுங்க, விலகிடும்" என்றது கிரகம்.

"மேகமில்லைங்க அண்ணா" என்றாள் டாக்டர். வரிசையின் கடைசி ஆளுக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னாள். "சனி கிரகத்துல வேலை முடிஞ்சு விளக்கை அணைச்சுட்டு வீட்டுக்குப் போறாங்க. அதோ, கிரேன்ல இருந்து ஒருத்தர் இறங்கறார் பாருங்க."

எல்லாரும் பார்த்தார்கள். ஆள் ஏணியில் இறங்குவது அரையிருட்டிலும் தெரிந்தது.

பிறகு வக்கீல் மஃப்ளரைச் சரிசெய்துகொண்டு, "எனக்கு அப்பவே ஒரு சந்தேகம்" என்றார். இரண்டு நிலாவைப் பார்த்தவர் அவர்தான். செருப்புக்கடைக்காரர் விட்டுக்கொடுக்கவில்லை. "நான் பார்த்தது சனிதாங்க. நீங்க பார்க்கும்போது குழாய் நகர்ந்திருக்கும்" என்று டாக்டரிடமே வாதாடினார். தான் பார்த்ததை விளக்கென்று ஒப்புக்கொள்ள ஒரு ஆளும் தயாராக இல்லை.

வானம் துடைத்து வைத்தாற்போல் இருக்கும் என்று சொன்ன சாயங்காலம் அந்த நேரத்தில் பொத்துக்கொண்டு ஊற்றியது. கூட்டம் நாற்காலிகளைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு படியிறங்கி ஓடியது. கிரகம் மட்டும் குழாயைத் துண்டால் மூடிக்கொண்டு நனைந்தபடி நின்றது. கடைசியில் நாத்தனார் குடையோடு போய் அதை இறக்கிக்கொண்டு வந்தாள்.

படுக்கையறையில் கணவர் கதவைச் சாத்திவிட்டுப் பிடித்துக்கொண்டார்.

"அத்தனை பேர் முன்னாடி மானத்தை வாங்கணுமா? தனியா கூப்பிட்டுச் சொல்லக்கூடாதா?"

"சொல்லியிருக்கலாம்தான். அதிருக்கட்டும், நீங்க என்ன பார்த்தீங்க?"

"வளையம்."

"சனின்னு நினைச்சீங்களா?"

அவர் தலையணை உறையின் ஓரத்தை இழுத்து இழுத்துச் சரிசெய்தார். "கிரேன் விளக்குன்னு குனியறதுக்கு முன்னாடியே தெரியும். பாவம், மாமா சந்தோஷமா இருக்காரேன்னு..."

டாக்டருக்குக் கிரகத்தின் மேல் இருந்த கோபம் பாதிக்குமேல் அங்கேயே இடம் மாறியது. தெரியாமல் உளறுகிற ஒருவரைப் பார்த்தாவது வாய்விட்டுச் சிரித்துத் தொலைக்கலாம். தெரிந்துகொண்டே தலையாட்டுகிற மனுஷரை என்ன செய்வது? கல்யாணத்துக்குப் பிறகு தன் சமையலை, தன் யோசனைகளை, தன் புடவைகளை அவர் "ரொம்ப நல்லாருக்கு" என்று சொன்னதெல்லாம் அவளுக்கு வரிசையாக நினைவு வந்தது. திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

காலையில் அடுக்களைக்குப் போனபோது நாத்தனார் முன்பே அங்கே நின்று பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள். சண்டைக்குத் தயாராகத்தான் டாக்டர் உள்ளே நுழைந்தாள்.

"ராத்திரி பூரா அவர் தூங்கல" என்றாள் நாத்தனார்.

"நான் பண்ணினது தப்புதான் அண்ணி, ஆனா..."

"எங்க ஊர்லயும் அவர் காட்டறது பாலத்து மேல இருக்கிற விளக்குதான்." அவள் பாலை ஒரு கிளறு கிளறினாள். "தெருவே பார்த்துட்டுப் போச்சு. எனக்குத் தெரியும். சொன்னா அடுத்து எதைப் பிடிச்சுக்குவாரோன்னு விட்டுட்டேன். காளான் வளர்த்தப்போ கட்டிலுக்கடியில இருந்து அடிச்ச வாடை எனக்குத்தானே தெரியும்." முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியதைப் பார்த்து அழுகிறாள் என்று டாக்டர் பயந்துபோனாள். அழவில்லை.

கூடத்தில் கிரகம் ஃபோனில் இருந்தது. தூங்காத ஆளின் குரலாக அது இல்லை.

"குடியிருப்பே மாடிக்கு வந்துடுச்சுப்பா. சனி, வளையத்தோட. ஒரு வக்கீல் நிலாவைக்கூடப் பார்த்துட்டார். நம்பலையா? இரு, என் மச்சினன் ப்ரொஃபசர், அவரையே கேளு."

ஃபோன் கணவர் கைக்கு வந்தது. அவர் அடுக்களை வாசலில் நின்ற மனைவியைப் பார்த்தார். டாக்டர் அவர் கண்ணைவிட்டுத் தன் கண்ணை எடுக்கவில்லை.

"ஆமாங்க" என்றார் கணவர். "ரொம்பத் தெளிவா இருந்தது."

டாக்டர் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள். மழை விட்டிருந்தது. தெருவில் பழுத்த இலைகள் தாரோடு ஒட்டிக் கிடந்தன. குளிர் முதல் முறையாகக் காதைத் தொட்டது. மருந்துக்கடை பூட்டியிருந்தது. அதன் கூரைக்கு மேலே, மேற்கில், தேய ஆரம்பித்த நிலா வெளுத்துப்போய் மறையாமல் நின்றது. விளக்கம் சொல்ல ஒரு ஆளில்லாததால் அவள் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள்.

ஃபோன் அடித்தது. கணவர்தான்.

"எங்கே போயிட்டே? மாமா டிபன் கேக்கறார்."

"அவரையே பண்ணச் சொல்லுங்க. உங்களுக்கும் சேர்த்து" என்று சொல்லிவிட்டு, மருந்துக்கடையைத் தாண்டி நடந்தாள்.