நான் செத்தால் மட்டும் சொல்லு

பிரீத்தா எழுதிய நாவலின் நூற்று நாற்பதாம் பக்கத்தில் என் மகனின் கால் இருந்தது. இடது கால், ஆறு விரல்கள்.

கதை நடப்பது இருநூற்றைம்பது வருடங்களுக்கு முந்திய அமெரிக்காவில். நாயகி ஒரு மருத்துவச்சி. கலியாணமாகாத பெண்ணுக்கு நோவு உச்சத்தில் நிற்கும்போது தகப்பன் பெயரைக் கேட்டு, பிறகு கோர்ட்டில் போய்ச் சொல்வது அவள் கடமையாம். அந்த வலியில் ஒருத்தியும் பொய் சொல்ல மாட்டாளாம். ஆனால் கலியாணமான ஒருத்தி, கேட்காமலே உளறிவிடுகிறாள்: "பிள்ளை என் புருஷனுடையது இல்லை. நான் செத்தால் மட்டும் சொல்லு."

அது என் வசனம். பத்தொன்பது வருடங்களுக்கு முன் அபிஷன் பிறந்தபோது, பிரசவம் பார்த்த பிரீத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு நான் சொன்னது. அவள் வெறும் மிட்வைஃப் இல்லை, பள்ளிக்கூடத்திலிருந்தே என் சிநேகிதி. நான் சாகவில்லை. அவள் அச்சடித்தே சொல்லிவிட்டாள்.

மறுநாள் லண்டன் செவன் கிங்ஸில் வெளியீட்டு விழா. மதிப்புரை சொல்ல வேண்டியவள் நான். முதற்பிரதி வாங்குபவர் எங்கள் தேவாலயப் பங்குச் சபைத் தலைவர், அதாவது என் கணவர் ஜெராட். போதாக்குறைக்கு, இந்த வருடப் பெரிய வியாழனன்று சுவாமியார் பாதம் கழுவிய பன்னிரண்டு பேரில் அபிஷனும் ஒருவன். அந்த ஆறு விரலைப் பங்கே பார்த்தது.

பிரீத்தாவுக்குப் போன் எடுத்தேன்.

"அது கதையடி ஏஞ்சலா. அமெரிக்காவிலை நடக்கிறது. ஆருக்கு விளங்கப்போகுது?"

"ஆறு விரல் ஆருக்கடி விளங்காது? அதையாவது வெட்டியிருக்கலாமே!"

"கதையிலை அந்தப் பிள்ளையின்ரை தகப்பன்தான் கொலைகாரன். அவனுக்கும் ஆறு விரல். அது இல்லாட்டி அவனைப் பிடிக்க ஏலாது."

போனை வைத்தேன். வெட்கங்கெட்டவள். கொலைகாரனைப் பிடிக்க என் பிள்ளைதான் கிடைத்தானா?

புத்தகம் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுவதென்று ஜெராட்டிடம் போனேன். விழாவுக்குச் சட்டையை அயன் பண்ணிக்கொண்டு நின்றார். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கொலரைத் திருப்பிப் போட்டார்.

"எனக்குத் தெரியும்."

"எப்பிடி?"

"ஞானஸ்நானத்துக்கு முதல் நாள் பிரீத்தா வந்து சொன்னவ. பிள்ளை என்ரைதான், இனி இந்தக் கதை வேண்டாமெண்டு அனுப்பிப்போட்டன். நீர் உடைஞ்சு போவீர் எண்டுதான் உமக்குச் சொல்லேல்லை."

எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. பத்தொன்பது வருடமாக இந்த மனிதரின் முகம் கொஞ்சம் மாறினாலே உள்ளுக்குள் செத்துச் செத்துப் பிழைத்திருக்கிறேன். பிரீத்தா ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் என் மேசையில் இருந்து சாப்பிட்டுக்கொண்டு, என் பயத்தைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். அவரும்தான். ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும், இருவரில் யாராவது.

துரோகம் என்று கத்த வாயெடுத்தேன். அந்தச் சொல்லை ஜெராட்டின் முன்னால் சொல்ல எனக்கு முகமில்லை.