இரண்டாவது மாரியாயி

பட்டியலில் மாரியாயி என்று ஒரு பெயர் இருந்தது. அந்த மாரியாயி ஏற்கெனவே பஸ்ஸில் ஏறி, துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்துவிட்டாள். அவள் விமலனின் அம்மா.

கீழே படிக்கட்டுக்குப் பக்கத்தில் நின்றவளும் மாரியாயிதான். கேரி தீவுத் தோட்டத்தில் இவளுக்கு மருந்து மாரியாயி என்று பெயர். இருபத்தெட்டு வருஷம் முதுகில் டப்பாவைச் சுமந்து எண்ணெய்ச் செம்பனை மரங்களுக்கு அடியில் புல்லுக்கு மருந்தடித்தவள். கண் மங்கியது அதனால்தான் என்று தோட்டத்தில் எல்லோரும் சொன்னார்கள். வயசுக் கோளாறு என்று டாக்டர் எழுதிக்கொடுத்தார். விமலனின் அம்மா கோயில் வீட்டு மாரியாயி, தோட்டத்து வீட்டு வரிசையான லயத்தில் கோயிலை ஒட்டிய வீட்டுக்காரி. இரண்டு பேரும் நாற்பது வருஷம் பக்கத்துப் பக்கத்து நிரையில் வேலை செய்தவர்கள். பேர் ஒன்றாக இருந்ததால் ஒருத்தியைக் கூப்பிட்டால் மற்றவளும் திரும்பிப் பார்ப்பாள். அதற்காகத்தான் அந்த அடைமொழிகள்.

"நேத்தே தலைக்கு ஊத்திட்டேன் தம்பி. கண் ஆபரேசன் முடிஞ்சா பத்து நாளைக்குத் தலையில தண்ணி படக்கூடாதாம்லா."

விமலன் கையிலிருந்த டேப்லெட் திரையை மூன்றாவது முறையாக மேலும் கீழும் தள்ளினான். தொண்டூழியர் என்று நெஞ்சில் எழுதிய மஞ்சள் டீ-சட்டை போட்டிருந்தான். முதல் பஸ்ஸான அதற்குள்ளிருந்து முப்பத்தைந்து பேர் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நல்லா பாருய்யா. வீராசாமி மவள்னு இருக்கும்."

பட்டியலில் வீராசாமி இல்லை. யாருடைய அப்பாவும் இல்லை. எழுபத்து நான்கு பேரும் அப்பா பெயர் இல்லாமல் வெறும் பெயராக வரிசையில் நின்றார்கள். அவர்களின் அப்பா பெயர்களை வெட்டி எடுத்தவன் அவன்தான். அந்த நிமிஷமே அவனுக்கு என்ன நடந்தது என்று புரிந்துவிட்டது. ஆனால் வாய் வேறு சொன்னது.

"கம்ப்யூட்டர்ல ஏதோ ப்ராப்ளம் பெரியம்மா. மேல சொல்லிப் பாக்குறேன்."

அவள் சண்டை போடவில்லை. தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி சொன்னதை நம்பிப் பழகியவள், இவன் சொன்னதையும் அப்படியே நம்பினாள். கம்ப்யூட்டர் என்ன செய்யும், அதற்கு நம்மைத் தெரியுமா என்று அவளே அதற்காகப் பரிந்து பேசினாள். பஸ்ஸின் பின்சீட்டிலிருந்து பழைய லோரி டிரைவர் அய்யாவுதான் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"மவன் லிஸ்ட் போட்டா அம்மாவுக்கு முன்சீட்டு. ஊருக்குத்தான் கம்ப்யூட்டர் ப்ராப்ளம்."

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அம்மா திரும்பி, என் மகன் அப்படிப்பட்டவன் இல்லை என்று அய்யாவுவிடம் எகிறினாள். பஸ் கிளம்பியது. பின்கண்ணாடியில் மருந்து மாரியாயி சாரோங்கும் டவலும் வைத்த பிளாஸ்டிக் பையோடு அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

விமலனுக்கு முப்பத்தாறு வயது. இருபத்திரண்டு வயதுவரை அதே தோட்டத்தில் உர மூட்டை ஏற்றினான். இப்போது கிள்ளானில் ஒரு கிடங்கில் சரக்குக் கணக்கர். பிரிக்பீல்ட்ஸில் ஓர் அறை வாடகைக்கு எடுத்திருந்தான். ஒரு வருஷமாக பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியைப் படித்துக்கொண்டிருந்தான். வேலை முடிந்து வந்து யூடியூப் பார்ப்பான், புரியாததை டெலிகிராமில் ஒரு தமிழ் பைத்தான் குழுவில் கேட்பான். அந்தக் குழுவில் நானூறு பேர். பாதிப்பேர் பட்டதாரிகள். சேர்ந்த முதல் நாள் தன்னை அறிமுகப்படுத்தச் சொன்னார்கள். கேஎல்லில் டேட்டா அனலிஸ்ட் என்று எழுதினான். அந்தப் பொய்யை அவன் பிறகு திருத்தவே இல்லை.

குழுவில் யார் என்ன கேட்டாலும் பதில் சொல்பவள் வாணி. காஜாங்கில் ஒரு கம்பெனியில் புரோகிராமர். எக்செல் கோப்பு திறக்கவில்லை, தேதி தலைகீழாக வருகிறது, பாண்டாஸ் லைப்ரரி ஏறவில்லை என்று எதைக் கேட்டாலும் சலிக்காமல் எழுதுவாள்.

கண் சிகிச்சைப் பட்டியல் விமலன் கைக்கு வந்ததும் அவனுடைய பெருமையால்தான். பிரிக்பீல்ட்ஸில் ஒரு தொண்டு மன்றத்தை நடத்திய சந்திரகலா, ஓய்வு பெற்ற தாதி, தோட்டத்து முதியவர்களுக்கு இலவசமாகக் கண்புரை எடுக்க ஏற்பாடு செய்திருந்தார். இரண்டு ஞாயிற்றுக்கிழமை தோட்ட மண்டபத்தில் பரிசோதனை நடந்தது. முதல் வாரம் பெயர் கொடுத்தவர்கள், எங்கே விட்டுப்போய்விடுமோ என்ற பயத்தில் இரண்டாவது வாரமும் வந்து கொடுத்தார்கள். தோட்டத்து ஆட்கள் எதற்கும் இரண்டு முறை பெயர் கொடுப்பவர்கள். ஒரு முறை கொடுத்து ஏமாந்தது அவர்களுக்கு நிறைய உண்டு. அப்படி நூற்றுப் பதினெட்டு வரி சேர்ந்துவிட்டது. இரண்டு முறை வந்ததை நீக்க யாராவது கம்ப்யூட்டர் தெரிந்தவர் வேண்டும் என்று சந்திரகலா கேட்டபோது, பைத்தானில் ஐந்து நிமிஷம் என்று விமலன் சொன்னான்.

நூற்றுப் பதினெட்டு பெயர். பேனாவும் தாளும் வைத்து உட்கார்ந்தால் ஒரு மணி நேர வேலை. ஒவ்வொருவரையும் அவனுக்கு முகம் தெரியும். ஆனால் கையால் செய்வது அவனுக்குக் கேவலமாகப் பட்டது.

எழுதி எடுத்தவர்கள் அப்பா பெயரை ஆளாளுக்கு ஒரு விதமாக எழுதியிருந்தார்கள். அதனால் ஒரே ஆள் இரண்டு ஆள் மாதிரி நின்றார். அடையாளக் கார்டு நம்பர் பாதிப் பேருக்கு இல்லை. மண்டபத்துக்குக் கார்டை எடுத்து வரவில்லை. விமலன் குழுவில் கேட்டான்: பெயருக்குப் பின்னால் வருவதை வெட்டிவிட்டு, ஒரே பெயர் திரும்ப வந்தால் நீக்க வேண்டும், எப்படி?

வாணி இரண்டு வரி எழுதித் தந்தாள். கூடவே கேட்டாள்: "பேர மட்டும் வச்சு தூக்குறது ரிஸ்க் ப்ரோ. ஐசி நம்பர் இல்லையா? இது என்ன லிஸ்ட்?"

தோட்டத்து லிஸ்ட் என்று எழுதினால் எந்தத் தோட்டம், நீங்கள் எப்படி என்று பேச்சு வளரும். விமலன் எழுதினான்: "கஸ்டமர் லிஸ்ட் சிஸ். ஒரே பேர்ல ரெண்டு பேர் இல்ல. கன்ஃபர்ம்."

அந்த இரண்டு வரி சொன்ன வேலையைச் செய்தது. ஒரு பெயர் எத்தனை முறை வந்தாலும் முதலாவதை வைத்துக்கொண்டு மற்றதை எறிந்தது. பட்டியலின் முதல் வரியிலேயே மாரியாயி இருந்தாள். அம்மாவின் பெயரை முதல் ஞாயிறு அவனேதான் முதலில் எழுதினான்.

மருத்துவமனையில் அம்மாவை உள்ளே அனுப்பிவிட்டு, கேண்டீனில் லேப்டாப்பைத் திறந்தான். குழுவில் மேலே போனால் அவனுடைய அந்தக் கன்ஃபர்ம் அங்கேயே இருந்தது. அதற்குக் கீழே நான்கு பேர் கட்டைவிரல் தூக்கியிருந்தார்கள். என் நண்பர் ஒருவருக்கு ஒரு பிரச்சினை என்று எழுதத் தொடங்கினான். அழித்தான். ஒருவேளை இப்படி நடந்திருந்தால் என்று எழுதினான். அதையும் அழித்தான். ஆறிப்போன தே தாரேக் டீயில் ஈ விழுந்தது. கடைசியில் உள்ளதை எழுதினான். இது கஸ்டமர் லிஸ்ட் இல்லை. கேரி தீவுத் தோட்டத்து ஆட்களின் கண் ஆபரேஷன் லிஸ்ட். நான் அந்தத் தோட்டத்தில் பிறந்தவன். நான் அனலிஸ்ட் இல்லை, கிடங்கில் கிராணி. என் அம்மா பேரில் இன்னொருத்தர் இருந்தார், அவரை எறிந்துவிட்டேன். இன்னும் யாரை எறிந்தேன் என்று தெரியவில்லை.

அனுப்பிவிட்டு போனைக் குப்புற வைத்தான். நானூறு பேர் படிப்பார்கள் என்பது காதில் கொதித்தது.

வாணியின் பதில் இருபது நிமிஷம் கழித்து வந்தது.

"கோட்ல தப்பில்ல ப்ரோ. நான் கேட்டதுக்கு நீங்க பொய் சொல்லிட்டீங்க. எங்கம்மா பந்திங் எஸ்டேட். அங்க ஒரே லயத்துல மூணு முனியம்மா. எஸ்டேட்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் அத கொடுத்திருக்கவே மாட்டேன்."

அடுத்து, பழைய கோப்பு இருக்கிறதா என்று கேட்டாள். இருந்தது. எறியப்பட்ட வரிகளை மட்டும் முழுப் பெயரோடு காட்டும்படி ஒரு வரி எழுதி அனுப்பினாள். அதற்குக் கீழே இன்னொன்று:

"இதுல வர்ற பேரை ஒவ்வொண்ணா வாய்விட்டுப் படிங்க. யாரு ரெண்டு தடவ வந்தாங்க, யாரு வேற ஆளுன்னு மெஷினுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. உங்களுக்குத்தான் தெரியும்."

நாற்பத்து நான்கு வரி வந்தது. கேண்டீனில் உட்கார்ந்து வாய்விட்டுப் படித்தான். பக்கத்து மேசை மலாய்க்காரர் ஜெபம் செய்கிறான் என்று நினைத்திருப்பார். முப்பத்தைந்து பேர் இரண்டு முறை வந்தவர்கள். ஒன்பது பேர் வேறு ஆள். ஒவ்வொரு பெயருக்கும் முகம் வந்தது: நொண்டிக் காளியம்மா, ஆட்டுக்கார முனியாண்டி, அவனுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்த சின்ன பெருமாள். தோட்டத்தில் யாருமே அவர்களை இன்னொரு ஆளோடு குழப்பிக்கொண்டதில்லை.

சந்திரகலாவிடம் நேராகப் போய்ச் சொன்னான். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தான், திட்டியிருந்தால் தேவலை. பட்டியலில் உங்கள் அம்மா எத்தனாவது என்று மட்டும் கேட்டார். முதல் என்றான். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, டாக்டரைப் பார்க்கப் போனார். கண்ணில் வைக்கும் லென்ஸ் பட்டியல்படி எழுபத்து நான்குதான் வந்திருந்தது. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஏறியிருந்ததால் ஐந்து பேரைத் திருப்பி அனுப்பினார்கள். அந்த ஐந்து இடம் ஒன்பது பேரில் பார்வை ரொம்ப மோசமானவர்களுக்குப் போனது. பரிசோதனையில் கண்ணுக்கு முன்னால் ஆட்டிய கை மருந்து மாரியாயிக்கு இன்னும் தெரிந்தது. மற்ற மூன்று பேரோடு அவள் அடுத்த மார்ச் வரை காத்திருக்க வேண்டும். நால்வருக்கும் நீங்களே நேரில் போய்ச் சொல்லுங்கள் என்றார் சந்திரகலா.

மறுநாள் மத்தியானம் அம்மாவை வீட்டுக்குக் கூட்டிவந்தபோது மருந்து மாரியாயி ஏற்கெனவே வாசலில் காத்திருந்தாள். அம்மாவின் வலது கண்ணில் துளையிட்ட பிளாஸ்டிக் மூடி ஒட்டியிருந்தது. கட்டிலில் படுக்கவைத்தார்கள். மருந்து மாரியாயி தலைமாட்டில் உட்கார்ந்து, வலித்ததா, ஊசி போட்டார்களா, வெளிச்சம் தெரிகிறதா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அம்மா, அடுத்த பஸ்ஸில் உன் பேர் இருக்கும், கம்ப்யூட்டரைச் சரி பண்ணிவிடுவார்கள் என்று அவளுக்குத் தைரியம் சொன்னாள்.

விமலன் கதவருகே நின்றபடி சொன்னான்.

"கம்ப்யூட்டர் இல்ல பெரியம்மா. நான்தான். எல்லார் பேருலேர்ந்தும் அப்பா பேர வெட்டிட்டேன். நீங்களும் அம்மாவும் ஒரே ஆளா ஆயிட்டீங்க. மார்ச்லதான் அடுத்தது."

அம்மா நல்ல கண்ணையும் மூடிக்கொண்டாள். மருந்து மாரியாயி அவன் குரல் வந்த திசைக்கு முகத்தைத் திருப்பினாள். அவன் நின்ற இடத்துக்குச் சற்றுத் தள்ளிப் பார்த்தாள்.

"அப்பா பேர ஏன்யா வெட்டுன?"

பட்டியல் சுத்தமாக இருக்கும் என்று சொல்லலாம். ஒருத்தரே இரண்டு முறை வந்தார்கள் என்று சொல்லலாம்.

"நீ உசரமாத்தான் படிச்சிருக்க. நாங்க யாருன்னு உங்கம்மாவ ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. பிறகு அவள் மார்ச் வரை எத்தனை மாதம் என்று விரல் மடக்கி எண்ணினாள். ஐந்து. வெளியே யாரோ அய்யாவுவைக் கூப்பிடும் சத்தம் கேட்டது. இன்று சாயங்காலத்துக்குள் லயம் முழுக்கத் தெரிந்துவிடும். பஸ்ஸில் அவர் சொன்ன பேச்சை இனி யாராலும் பொய் என்று சொல்ல முடியாது.

நான்கு மணிக்குச் சொட்டு மருந்து போட வேண்டும். மருந்து மாரியாயி மேசையில் தடவிக் குப்பியை எடுத்தாள். விமலன் கையை நீட்டினான்.

"விடு. அவளே ஊத்தட்டும்" என்றாள் அம்மா. அவனோடு அவள் அன்று பேசியது அவ்வளவுதான்.

மருந்து மாரியாயி கண்ணிலிருந்த மூடியை மெல்ல விலக்கி, ஒரு விரலால் இமையை இழுத்துப் பிடித்து, குப்பியைச் சாய்த்தாள். சொட்டு கண்ணுக்கு வெளியே கன்ன எலும்பில் விழுந்து காதுப்பக்கம் ஓடியது.

"விழுந்துச்சா?"

"விழுந்துச்சு" என்றாள் அம்மா.