மந்திரி சொல்லாத விலக்கு

அமைச்சர் 'எனக்கு வயிற்றுவலி' என்றால் அவளும் 'எனக்கு வயிற்றுவலி' என்றுதான் சொல்ல வேண்டும். 'அவருக்கு வயிற்றுவலியாம்' என்றால் வேலை போய்விடும். கூட்டங்களில் உடனுக்குடன் மொழிபெயர்ப்பவர்களுக்கு அதுதான் முதல் விதி. பேசுகிறவர் யாரோ, அவராகவே ஆகிவிட வேண்டும். இத்தனை வருஷ சர்வீஸில் அவள் நிதியமைச்சராக இருந்திருக்கிறாள், மீன்வள அமைச்சராக இருந்திருக்கிறாள், பெரிய மீசை வைத்த ராணுவத் தளபதியாகக்கூட ஒரு முழு மதியம் இருந்திருக்கிறாள். வீட்டுக்கு வந்து வெங்காயம் நறுக்கும்போதுதான் மறுபடி அவளாவாள்.

அன்று காலை அவள் பக்கத்து நாட்டு உள்துறை அமைச்சர்.

பல நாடுகள் சேர்ந்த ஒன்றியத்தின் தலைமையகத்துப் பெரிய மண்டபம் காலியாகக் கிடந்தது. காய்ச்சல் பரவ ஆரம்பித்ததிலிருந்து யாரும் நேரில் வருவதில்லை. சுவர் முழுக்கத் திரை. திரை முழுக்கக் கட்டம் கட்டமாக அமைச்சர்கள். மேலே, சுவரை ஒட்டிய கண்ணாடி அறையில் அவளும், அவளோடு மாறி மாறிப் பேசும் சகாவும். அவருக்கு அலுவலகம் வைத்த பெயர் தந்தி. மைக்கில் ஆறு மாதிரி ஓடுவார். மைக்கை அணைத்துவிட்டால் நாலு வார்த்தைக்கு மேல் பேசமாட்டார்.

ஒன்றியம் என்றால் சும்மா இல்லை. ஒரே சந்தை, ஒரே நாணயம், நாட்டுக்கு நாடு தடுப்பே இல்லாத சாலை. பழைய சுங்கச் சாவடிகளில் இப்போது பூச்செடி விற்கிறார்கள். ஆனால் தனக்குப் போகத்தானே தானம். முகக்கவசம் வெளியே போகக் கூடாது என்று ஒரு நாடு நேற்றே உத்தரவு போட்டுவிட்டது. மருந்து லாரியை இன்னொரு நாடு நடுவழியில் மடக்கிவிட்டது. பாகப்பிரிவினைக்குக் கூடிய பங்காளிகள் மாதிரி, எல்லோரும் முகத்தில் சிரிப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். யாராவது 'நாம் எல்லோரும் ஒரே குடும்பம்' என்று ஆரம்பித்தால், அடுத்த வாக்கியத்தில் கதவைச் சாத்தப் போகிறார் என்று அர்த்தம்.

பக்கத்து நாட்டு உள்துறை அமைச்சரும் அப்படித்தான் ஆரம்பித்தார். அவளும் கூடவே ஆரம்பித்தாள்.

"நாம் எல்லோரும் ஒரே குடும்பம். அதனால் கனத்த மனதோடு ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். எல்லைப் பாலங்கள் அத்தனையையும் மூடுகிறேன். யாரும் உள்ளே வரவும் வேண்டாம், வெளியே போகவும் வேண்டாம். முன்கூட்டியே தெரிந்தால் ஜனங்கள் பாலத்துக்கு ஓடிவருவார்கள். ஆகவே இந்தக் கூட்டம் முடிவதற்குள் என் படைகள் தடுப்புகளைப் போட்டு முடித்திருக்கும். சரக்கு லாரிகளுக்கு மட்டும் விலக்கு."

தன் வாயிலிருந்து வந்ததைத் தன் காதாலேயே கேட்டபோதுதான் அவளுக்கு விஷயம் உறைத்தது.

அவளுடைய ஒரே மகள் இருப்பது அந்தப் பாலங்களில் ஒன்றுக்கு அப்பால். மாப்பிள்ளை அந்த ஊரில் எலக்ட்ரீஷியன். பாலத்துக்கு இந்தப் பக்கத்தைவிட அந்தப் பக்கத்தில் வாடகை பாதிதான் என்று அங்கே வீடு பார்த்தார்கள். ஆஸ்பத்திரி இந்தப் பக்கம். ஒரு காலத்தில் அந்த ஊர் ஆஸ்பத்திரியிலும் பிரசவம் பார்த்தார்கள். பாலத்தைத் தாண்டினால் பெரிய ஆஸ்பத்திரி இருக்கும்போது இங்கே எதற்கு இன்னொன்று என்று பிரசவப் பிரிவையே இழுத்து மூடிவிட்டார்கள். மூடியது இதே ஒன்றியம்தான். அப்போது அதற்குப் பெயர் சிக்கனம்.

மகளுக்கு நாளை மறுநாள் ஆபரேஷன். நஞ்சுக்கொடி கீழே இறங்கி, குழந்தை வரும் வழியை அடைத்துக்கொண்டிருந்தது. வலி வரும்வரை காத்திருக்கவே கூடாது, வலி வந்தால் ரத்தம் நிற்காது, தாயையும் பிள்ளையையும் சேர்த்தே மறந்துவிட வேண்டியதுதான் என்று டாக்டரம்மா முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தாள். அந்தப் பக்கம் அடுத்த பிரசவ ஆஸ்பத்திரிக்கு மலைச் சாலையில் அரைநாள் போக வேண்டும்.

போன் வெளியே லாக்கரில் இருந்தது. கண்ணாடி அறைக்குள் கொண்டுவர அனுமதி இல்லை. இங்கே கேட்டதை வெளியே சொல்வதில்லை என்று வேலையில் சேர்ந்த அன்றே சத்தியம் செய்திருக்கிறாள். எழுந்து ஓடினாலும் பிரயோஜனம் இல்லை. தடுப்புகள் ஏற்கெனவே லாரியில் ஏறிவிட்டன. அதை அவளே இப்போதுதான் சொல்லி முடித்தாள்.

அமைச்சர் அடுத்த விஷயத்துக்குப் போனார். விமானங்கள். அவள் வாய் அவர் பின்னாலேயே போனது. மனசு பாலத்திலேயே நின்றுவிட்டது.

மொழிபெயர்ப்பாளருக்குக் கூட்டத்தில் சொந்தக் குரல் கிடையாது. ஒரே ஒரு சமயம் தவிர. பேசுகிறவரின் ஒலி அறுந்துவிட்டால், 'மொழிபெயர்ப்பாளர் கேட்கிறார்' என்று முன்னால் ஒரு வார்த்தை போட்டு, திரும்பச் சொல்லும்படி கேட்கலாம். மாதத்தில் ஒருமுறை அப்படி நேரும். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. நாடுகள் மாறி மாறித் தலைமை ஏற்பதில், இந்த ஆறு மாதம் கூட்டத்துக்குத் தலைமை அவளுடைய நாட்டு அமைச்சர் அம்மையார். அம்மையாரின் காதில் ஒலிப்பது அவள் குரல்தான்.

"மொழிபெயர்ப்பாளர் கேட்கிறார்," என்றாள். "ஒலி இடையில் தெளிவாக இல்லை. பாலங்கள் விஷயத்தில், பிரசவத்துக்கு வரும் கர்ப்பிணிகளுக்கு விலக்கு உண்டு என்றாரா, இல்லை என்றாரா? தயவுசெய்து திரும்பச் சொல்லவும்."

பக்கத்து நாற்காலியில் தந்தி தலையைத் திருப்பினார். ஒலி ஸ்படிகம் மாதிரி இருந்தது என்பது அவருக்குத் தெரியும்.

தலைவி அம்மையார் கையை உயர்த்தி அமைச்சரை நிறுத்தி, கர்ப்பிணிகள் பற்றிச் சொன்னதை மொழிபெயர்ப்பாளர்களுக்காக ஒருமுறை திரும்பச் சொல்லும்படி கேட்டுக்கொண்டார்.

திரையில் அமைச்சர் வாயைப் பாதி திறந்தபடி இருந்தார். முன்னால் இருந்த தாளைப் பார்த்தார். தாளைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். பக்கவாட்டில் யாரோ குனிந்து காதில் ஏதோ சொன்னார்கள். தெரியாது என்பதைத் தவிர வேறெதையும் அந்த ஆள் சொல்லியிருக்க முடியாது. ஒரு நிமிஷம்கூட இருக்காது. 'அப்படி நான் எதுவும் சொல்லவில்லையே' என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். பொய் அம்பலமாகிவிடும், பாலமும் மூடியபடியே கிடக்கும்.

அமைச்சர் தொண்டையைச் செருமினார்.

"நான் முன்பே சொன்னதுபோல," என்றார். அவளும் சொன்னாள். "கர்ப்பிணிகளுக்கு விலக்கு உண்டு. இதில் என் அரசு ஆரம்பத்திலிருந்தே உறுதியாக இருக்கிறது."

இருபதுக்கு மேல் அமைச்சர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது, யோசிக்கவே இல்லை என்று எந்த மனுஷன் ஒப்புக்கொள்வான்?

அதோடு முடியவில்லை. அடுத்த கட்டத்தில் இருந்தவர், தாங்களும் அதையேதான் குறிப்பிட்டதாகச் சொன்னார். அவர் குறிப்பிடவே இல்லை. அதற்கடுத்தவர், மனிதாபிமானம் தங்கள் நாட்டின் முதுகெலும்பு என்றார். ஒவ்வொருவராகத் தாளில் எதையோ எழுதிக்கொண்டார்கள். கடைசியில் அம்மையார், தம் நாடும் ஏற்கெனவே இந்த முடிவில்தான் இருப்பதாகச் சொல்லி, ஒன்றியம் முழுவதற்கும் அதை ஒரே உத்தரவாக்கி முடித்துவைத்தார். கர்ப்பிணி மட்டும், கூட யாரும் வரக் கூடாது என்று ஒருவர் சேர்க்கச் சொன்னார். சேர்த்தார்கள்.

அவள் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் முடியவில்லை. இத்தனை வருஷமாக இந்தக் கண்ணாடிக்குக் கீழே நடப்பதைப் பார்த்து, இவர்கள் எங்கேயோ ஓர் அறையில் கூடி, எல்லாவற்றையும் யோசித்து, எடைபோட்டு, பிறகுதான் இங்கே வந்து பேசுகிறார்கள் என்று நம்பியிருந்தாள். அப்படி ஓர் அறையே இல்லை.

தந்தி தன் முறைக்கு மைக்கை வாங்கிக்கொள்ளுமுன் மியூட் பட்டனை அழுத்தினார்.

"சத்தம் நல்லாத்தானே இருந்துச்சு."

அவள் ஹெட்போனைக் கழற்றி வைத்தாள்.

"யாராவது கேட்டா, எனக்கும் கேக்கலைன்னு சொல்லிடறேன்," என்றார். அவர் கணக்கில் அது பெரிய சொற்பொழிவு.

கூட்டம் முடிந்து லாக்கரைத் திறந்தபோது மாப்பிள்ளையின் அழைப்புகள் வரிசையாகக் கிடந்தன. கூப்பிட்டதும் எடுத்துவிட்டார். டிவியில் சொல்லிவிட்டார்களாம். பாலத்தில் ராணுவம் நிற்கிறதாம். மகள் அழுது ஓய்ந்து, இப்போது பையை எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறாளாம்.

"அவளை மட்டும் விடுவாங்களாம், அத்தை. என்னை விடமாட்டாங்களாம். பரவால்ல. யாரோ ஒரு புண்ணியவான் யோசிச்சிருக்கான்ல, அதுவே பெருசு."

"அவளைப் பதறாம வரச் சொல்லுங்க, மாப்பிள்ளை. நான் இந்தப் பக்கம் வந்து நிக்கிறேன்," என்றாள். வேறு எதுவும் சொல்ல அவளுக்கு அனுமதி இல்லை.

காரை எடுத்தாள். பாலத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. தடுப்பே இல்லாதிருந்த இடத்தில் குறுக்கே சிமெண்ட் கட்டைகள், ஒரு வண்டி நுழையும் சந்து, முகத்தை மூடிய சிப்பாய்கள். அவர்களில் ஒருவன் கையில் போனை வைத்து, வருகிறவர்களுக்கு உத்தரவை வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தான். சரக்கு லாரி. கர்ப்பிணி. அவ்வளவுதான்.

மகள் சந்து வழியாகத் தனியாக நடந்து வந்தாள். தோளில் பை, ஒரு கை வயிற்றில், ஒரு கை தடுப்புக் கட்டையில். சிப்பாய் மரியாதையாக விலகி வழிவிட்டான். தடுப்புக்கு அப்பால் நின்ற மாப்பிள்ளை, பையில் குழந்தைத் துணி மேலே இருக்கிறது, அடியில் கைவிடாதே என்று கத்திக்கொண்டே இருந்தார். அழுவதை மறைக்க அவருக்குத் தெரிந்த வழி அது.

அவள் மகளை அணைத்துக்கொண்டாள். உயிர் திரும்பி வந்தது.

மகளைக் காரில் உட்காரவைத்துக் கதவைச் சாத்தும்போதுதான் சந்தின் அந்தப் பக்க வாயில் நின்ற சின்ன வெள்ளைக் காரைக் கவனித்தாள். ஓட்டுகிற இடத்தில் ஒரு நடுத்தர வயதுப் பெண். பக்கத்தில் அவள் புருஷன். முகம் ஊதி, கண் பாதி மூடி, கையில் ஊசி போட்டுப் போட்டுப் புடைத்த நரம்பு. பாலத்துக்கு இந்தப் பக்கத்து ஆஸ்பத்திரியில்தான் அவனுக்கு டயாலிசிஸாம். வாரத்தில் மூன்று நாள். இன்றைக்கே ஒருநாள் தள்ளிப்போய்விட்டதாம். அந்தப் பெண் கெஞ்சவில்லை. கணக்கு வாத்தியாரிடம் சந்தேகம் கேட்பது போலத்தான் சிப்பாயிடம் கேட்டாள்.

"கர்ப்பிணிக்கு யோசிச்சவங்க எங்களுக்கு யோசிக்கலையாப்பா?"

"எனக்கு என்னம்மா தெரியும்?" என்றான் சிப்பாய். "மேல பெரிய பெரிய ஆளுங்க உக்காந்து எல்லாத்தையும் அலசிப் பாத்துத்தான் போட்டிருப்பாங்க. ஏதாவது காரணம் இருக்கும்."

அந்தப் பெண் தலையாட்டினாள். ஏதாவது காரணம் இருக்கும் என்று அவளும் நம்பிக்கொண்டது தெரிந்தது.

காருக்குப் பக்கத்தில் நின்றவளுக்கு அப்போதுதான் புரிந்தது. காலையில் இன்னும் ஒரு வார்த்தை. 'பிரசவத்துக்கும் சிகிச்சைக்கும்' என்று ஒரே ஒரு வார்த்தை சேர்த்துக் கேட்டிருந்தால், அமைச்சர் அதையும்தான் முன்பே சொன்னதாகச் சொல்லியிருப்பார். எழுதிக்கொண்டவர்கள் அதையும் எழுதியிருப்பார்கள். அந்த வார்த்தை அவள் நாக்குக்கு வரவே இல்லை. அடக்கிக்கொள்ளவில்லை, பயப்படவில்லை. வரவே இல்லை. தன் மகளுக்கு எது வேண்டுமோ அதை மட்டும் கேட்டுவிட்டு, அவள் வாய் விமானங்களுக்குப் போய்விட்டது.

வெள்ளைக் காரை நோக்கி ரெண்டு எட்டு வைத்தாள். அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். இவள் சொல்ல வாயைத் திறந்தாள். 'நான்' என்று ஆரம்பிக்கும் வாக்கியம் ஒன்றுகூட இவளுக்குக் கிடைக்கவில்லை.

"என்னங்க?" என்றாள் அந்தப் பெண்.

"ஒண்ணுமில்லைங்க."

சந்தில் வண்டியைத் திருப்ப இடமில்லை. அந்தப் பெண் கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்தபடி, பாலம் முழுக்கப் பின்னோக்கியே ஓட்டிக்கொண்டு போனாள். புருஷனின் தலை கண்ணாடியில் சாய்ந்தது சாய்ந்தபடியே இருந்தது.

காருக்குள்ளிருந்து மகள் கூப்பிட்டாள். டாக்டரம்மா இன்றைக்கே வந்து படுத்துவிடச் சொல்கிறாளாம்.

"நம்ம நல்ல நேரம்மா, என்னை விட்டாங்க," என்றாள். "வெளிய என்னம்மா பாத்துட்டு நிக்கிற? வா, போலாம்."