நாற்பத்தைந்து மில்லி

சிறுநீர்க் கோப்பையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். முப்பது மில்லிகூடத் தேறாது. ஆர்லன் என்ற அந்த லாரி டிரைவர் கழிப்பறை வாசலில் கையைத் துடைத்தபடி, தேர்வில் கோட்டைவிட்ட பிள்ளையைப் போல என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். வயது அறுபத்தொன்று என்று அவருடைய உரிமம் சொன்னது.

"போதாதுங்க. நாப்பத்தஞ்சு வேணும்."

"இப்பதாம்மா பங்க்ல நிறுத்திப் போயிட்டு வந்தேன். வண்டில ஏறி உக்கார்றேன், கம்பெனில இருந்து போன். நேரா கிளினிக்குக்குப் போங்கன்னு. முன்னாடியே சொல்லியிருந்தா அடக்கி வெச்சிருப்பேன்ல?"

"முன்னாடியே சொன்னா அதுக்குப் பேரு சோதனையா?"

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. இந்த வேலையில் சேர்ந்த புதிதில் சிரித்திருக்கிறேன்.

இருந்ததை அவர் கண்முன்னாலேயே கொட்டிவிட்டு நேரத்தை எழுதினேன். ஒன்பது முப்பத்தாறு. அதிலிருந்து மூன்று மணி நேரம். அதற்குள் ஒன்றேகால் லிட்டர் தண்ணீர் வரை குடிக்கலாம். குடித்துவிட்டு என் கண்ணெதிரே உட்கார்ந்திருக்க வேண்டும். மூன்று மணி நேரத்தில் வரவில்லையென்றால்கூடப் பரவாயில்லை, டாக்டரிடம் காட்டி உடம்பில்தான் கோளாறு என்று நிரூபிக்க ஒரு வழி இருக்கிறது. ஆனால் நடுவில் வாசலைத் தாண்டினால் சோதனைக்கு மறுத்ததாக அர்த்தம். மறுப்பதும் ஒன்று, போதையில் பிடிபடுவதும் ஒன்று. விதி அட்டையில் இருந்ததை வாசித்துக் காட்டினேன். பதினோரு வருடமாக வாசிக்கிறேன், அட்டையைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

நார்த் பிளாட்டில் நெடுஞ்சாலையை ஒட்டி எங்கள் கிளினிக். நாடு முழுக்க ஓடும் லாரிகளில் போதைச் சோதனைக்கென்று யாருடைய பெயரைக் கம்ப்யூட்டர் உருவினாலும், அன்று அவர் நெப்ராஸ்காவைக் கடந்துகொண்டிருந்தால் என்னிடம்தான் வந்து சேருவார். யாரும் தண்ணீர் அள்ளிக் கலக்காதபடி கழிப்பறைத் தொட்டியில் நீலச் சாயம் கலந்து வைப்பேன், குழாயை டேப் போட்டு ஒட்டுவேன், பாக்கெட்டுகளைத் தலைகீழாகத் திருப்பச் சொல்வேன். அடுத்தவன் சிறுநீரைப் பையில் ஊற்றித் தொடையில் கட்டி வந்தவனைப் பார்த்திருக்கிறேன், போலிச் சிறுநீர்ப் பொடியை வெந்நீரில் கரைத்து அக்குளில் சூடாக வைத்திருந்தவனைப் பார்த்திருக்கிறேன். எனக்கு முன்னால் இந்த நாற்காலியில் இருந்தவள் இரக்கப்பட்டு ஒருவனை லாரி வரை போய்வர விட்டாள். தணிக்கையில் மாட்டிக்கொண்டு, இப்போது மளிகைக் கடையின் பின்கட்டில் கோழி பொரிக்கிறாள். எங்கள் ஃபாரத்தில் இரக்கத்துக்கென்று கட்டம் எதுவும் கிடையாது.

அதனால்தான் ஆர்லன் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்ததை நான் கவனித்துக்கொண்டே இருந்தேன். ஒரு வாய் தண்ணீர், ஒரு பார்வை. வெளியே அவருடைய லாரி நின்றது. நாய்த் தீனி ஏற்றிக்கொண்டு மிசௌரியிலிருந்து யூட்டாவுக்குப் போகிற வண்டி. மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம் என்று நினைத்துக்கொண்டேன்.

"என்ன பெரியவரே, வண்டி உங்கள விட்டுட்டு ஓடிருமா? அதுக்கு டிரைவர் வேணும்."

"இல்லம்மா. சும்மா."

பத்தே முக்காலுக்கு மறுபடி முயன்றார். இருபது மில்லி. "இந்த வயசுல இப்படித்தாம்மா. தூங்க விடாம நாலு தடவ எழுப்பும். எழுந்து போனா நாலு சொட்டு," என்றார். நான் கொட்டினேன், எழுதினேன், இன்னொரு டம்ளர் தண்ணீர் கொடுத்தேன். அவரைப் பார்த்தால் குடிகாரர் மாதிரி இல்லை. ஆனால் குடிகாரர்கள் எவரும் அப்படி இருப்பதில்லை.

பதினொன்றரைக்கு முன்கூடத்தில் உட்காரும் குவென் சாப்பிடப் போனாள். அவள் போகட்டும் என்றுதான் காத்திருந்தார் போலிருக்கிறது. நாற்காலியை என் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"ஒண்ணு சொல்றேன். கம்பெனிக்குத் தெரியக் கூடாது. வண்டில என் வீட்டுக்காரி இருக்கா."

"இருந்தா?"

"ஆள் ஏத்தக் கூடாதுன்னு கம்பெனில கண்டிப்பா சொல்லியிருக்காங்க. தெரிஞ்சா அன்னிக்கே சீட்டு கிழிஞ்சிரும். பின்னாடி படுக்கைல தூங்குறா. மாத்திர குடுத்திருக்கேன். பன்னெண்டு மணிக்கு மேல தாங்காது, முழிச்சிருவா." ஜன்னலை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். "அவளுக்கு நினைப்பு போயிருச்சும்மா. மூணு வருஷமாச்சு."

அவள் பெயர் நடீன். இரண்டு இடங்களில் சேர்த்துப் பார்த்தாராம். ஒரு இடத்தில் நர்ஸைக் கடித்துவிட்டாள், இன்னொரு இடத்தில் கட்டிலோடு கட்டி வைத்தார்கள். ஜாப்ளினில் மகள் வீட்டில் ஒரு மாதம் இருந்தபோது அடுப்பைத் திறந்து விட்டுவிட்டாள். கடைசியில் ஒருநாள் வேறு வழியில்லாமல் லாரியில் ஏற்றிக்கொண்டு கிளம்பியிருக்கிறார். வண்டி நகர்ந்ததும் அடங்கிவிட்டாளாம். பதினான்கு மாதமாக அப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கிறார்கள்.

"ஓடுற வண்டில உக்காந்தா பழைய நடீன்மா. ஊர்ப் பேரெல்லாம் சத்தமாப் படிப்பா. என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுவா. வண்டி நின்னா நான் யாருன்னு கேப்பா. இந்த வேலை போச்சுன்னா அவளுக்குப் போக்கிடம் இல்ல."

பாவமாக இருந்தது. இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் கூடவே, இதைவிட நல்ல கதைகளெல்லாம் இந்த நாற்காலியில் கேட்டிருக்கிறோமே என்றும் தோன்றியது.

"நீங்க ஒரு எட்டு போய் அவளைக் கூட்டிட்டு வந்து இங்க உக்கார வைக்கிறீங்களா?"

"நான் உங்களைத் தனியா விட்டுட்டுப் போகக் கூடாதுங்க. குவென் பன்னெண்டரைக்கு வந்துருவா. அவளை அனுப்புறேன்."

உள்ளே டாக்டர் அறையில் இன்னொரு நர்ஸ் இருந்தாள். கதவைத் தட்டிக் கேட்டிருக்கலாம். யாருக்கும் தெரியக் கூடாது என்று அவர்தானே சொன்னார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மை என்னவென்றால், ஊரார் வீட்டு வம்பை நான் ஏன் இழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருந்தேன்.

பன்னிரண்டு பத்தொன்பதுக்கு லாரியின் கதவு திறந்தது. வெள்ளை முடி, நீல இரவு உடுப்பு, ஒரு காலில் மட்டும் செருப்பு. இறங்கும்போது கைப்பிடியைச் சரியாகப் பிடித்து, பின்பக்கமாகத் திரும்பி, ஒவ்வொரு படியாக இறங்கினாள். இறங்கி நெடுஞ்சாலை ஏறும் பாதையைப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள். அங்கே லாரிகள் வேகம் பிடிக்கிற இடம்.

ஆர்லன் எழுந்துவிட்டார். "ம்மா."

"வாசலைத் தாண்டினா மறுத்ததா எழுதணும்."

அந்த வாக்கியம் என் வாயிலிருந்து தானாக வந்தது. பதினோரு வருடப் பழக்கம். அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது. "எழுதிக்கோங்க," என்று சொல்லிவிட்டு ஓடினார். அறுபத்தொரு வயது உடம்பு, வயிறு நிறையத் தண்ணீர். இரண்டு பக்கமும் சாய்ந்து சாய்ந்து ஓடினார்.

நான் எழுதினேன். பன்னிரண்டு இருபது, கிளினிக்கை விட்டு வெளியேறினார். உடனே தெரிவிக்க வேண்டும் என்பது விதி, எதையும் உடனே செய்வதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. கம்பெனியில் இந்தச் சோதனைகளைப் பார்த்துக்கொள்ளும் டார்சிக்குப் போன் போட்டேன்.

"போயிட்டாரா? சரி, ஃபாரத்தை அனுப்புங்க. மறுப்புன்னு போட்டுர்றேன்."

அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது. அவருக்காக நாலு வார்த்தை பேசலாமே என்று நினைத்தேன். "இல்ல டார்சி, அவர் வேணும்னு போகல. அவர் பொண்டாட்டி ரோட்டுப் பக்கம் போயிட்டாங்க, பிடிக்கத்தான்..."

 "எந்தப் பொண்டாட்டி?" என்றாள்.

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்பார்கள். நான் வாயைக் கொடுத்தேன், மாட்டிக்கொண்டது அவர்.

பன்னிரண்டு முப்பத்தொன்றுக்கு அவர் திரும்பி வந்தார். நடீனின் கையைக் கெட்டியாகப் பிடித்திருந்தார். அவள் முகத்தில் எந்தக் கவலையும் இல்லை, கடைத்தெருவுக்குப் போய்வந்தவள் மாதிரி இருந்தாள். அவருடைய பேன்ட் முன்பக்கம் தொடையிலிருந்து முழங்கால் வரை நனைந்து கறுத்திருந்தது. மூன்று மணி நேரம் வா வா என்று கெஞ்சியபோது வராதது, ஓடின ஓட்டத்தில் ரோட்டில் போய்விட்டது.

"இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்குல்லம்மா?" மூச்சு வாங்கியது. "கோப்பையக் குடுங்க. கொஞ்சம் வரும். வர வெச்சுருவேன்."

"சொல்லிட்டேங்க," என்றேன். "கம்பெனிக்குச் சொல்லிட்டேன்."

"அதுக்குள்ளயா?"

பதினோரு நிமிடம். கடிகாரத்தைப் பார்த்தபடி வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் ஒரு ஈ காக்கைக்குக்கூடத் தெரிந்திருக்காது. சாப்பிட்டுவிட்டு வந்த குவென் கேட்டிருந்தால்கூட, பாவம், நேரமாகிறது பெரியவருக்கு என்று சொல்லிச் சமாளித்திருக்கலாம். மறுப்பா இல்லையா என்று தீர்மானிப்பது நானில்லை, கம்பெனிதான். நான் ஒரே ஒரு வரி எழுதினேன், அவ்வளவுதான். இந்த மருந்தை அன்றிலிருந்து தினமும் எனக்கு நானே ஊற்றிக்கொள்கிறேன், பிடிக்கத்தான் மாட்டேன் என்கிறது.

டார்சி அவரைப் போனில் கூப்பிட்டு இரண்டே நிமிடம் பேசினாள். அவர் "சரிங்க," "சரிங்க," என்று மட்டும் சொன்னார். வண்டியை ஓரடிகூட நகர்த்தக் கூடாது. நாலு மணிக்கு வேறு டிரைவர் வந்து எடுத்துக்கொள்வார், அதற்குள் சாமான்களை இறக்கிக்கொள்ள வேண்டும். அவர் பெயர் இனி எல்லாக் கம்பெனிகளும் பார்க்கிற பட்டியலில் ஏறிவிடும். ஆலோசனை, வகுப்பு, மறுபடி சோதனை என்று பல படிகள் தாண்டினால் திரும்ப ஓட்டலாம். அறுபத்தொன்றில் அதையெல்லாம் தாண்டினாலும் யார் வேலை கொடுப்பார்கள்? கொடுத்தாலும் அதுவரை நடீனை எங்கே வைத்துக்கொள்வது? முப்பத்து நாலு வருடம் ஓட்டியிருக்கிறார். ஒரு பீர் குடித்துவிட்டுக்கூடச் சாவியைத் தொட்டதில்லை என்றார். நான் நம்பினேன். என் நம்பிக்கையால் யாருக்கு என்ன பிரயோசனம்?

இரண்டு கறுப்புக் குப்பைப் பைகளில் அவர்கள் வீடு முழுவதும் அடங்கிவிட்டது. தலையணை, போர்வை, மாத்திரை டப்பா, ஒரு மின்சாரக் கெட்டில். மகள் ஜாப்ளினிலிருந்து கிளம்பிவிட்டாளாம், வந்து சேர நேரமாகும். அதுவரை முன்கூடத்தில் உட்காருங்கள் என்றேன், கிளினிக்கில் இருந்த ஒரு பழைய பைஜாமாவைக் கொடுத்தேன். அதை வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"அவ மறுபடி வண்டில ஏறி உக்காந்துட்டா, இறங்க மாட்டேங்கிறா," என்றார். "கட்டாயப்படுத்தினா கத்துவா. நீங்க பொம்பள, நீங்க ஒரு வார்த்த சொல்லிப் பாருங்களேன்."

இப்போது மட்டும் வெளியே போக எனக்கு எந்த விதியும் தடையாக இல்லை. லாரியின் படியில் ஏறிக் கதவைத் திறந்தேன். நடீன் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தாள். தலையைக் கையால் வாரிவிட்டிருந்தாள், பெல்ட்டைக் கச்சிதமாக மாட்டியிருந்தாள், மடியில் கைப்பை.

"அம்மா, உள்ள வந்து கொஞ்ச நேரம் உக்காரலாமா? காப்பி தர்றேன்."

"யாரும்மா நீ?" என்றாள், ரொம்பப் பிரியமாக. "படியில நிக்காத. ஆர்லன் இப்ப வண்டிய எடுத்துருவாரு. சக்கரத்துல கால விட்டுருவே. தள்ளி நில்லு, கண்ணு."

கீழே இறங்கினேன். கதவைச் சாத்திக்கொண்டாள். கண்ணாடியை இறக்கி எட்டிப் பார்த்து, இன்னும் தள்ளு என்று கையைக் காட்டினாள். இரண்டடி நகர்ந்தேன். இன்னும் என்றாள். லாரிக்கு முன்னால் ஆர்லன் இரண்டு பைகளோடு நனைந்த பேன்ட்டில் நின்றுகொண்டிருந்தார். அவரைப் பார்த்து, வழி காலியாகிவிட்டது, வரலாம் என்பதுபோல் அவள் கையை ஆட்டிக்கொண்டே இருந்தாள்.