அட்லஸ் தூக்கியவன்

என் மனைவி யாஸ்னா பெற்றோர் சங்கத் தலைவியானதில் எனக்குப் பெருமைதான். ஆனால் முதல் வேலையாகப் பாடப்புத்தகங்களையே ஒழித்துக்கட்டுகிறேன் என்று கிளம்பினாளே, அதுதான் பொறுக்கவில்லை. புத்தக மூட்டைக்குப் பதிலாகப் பிள்ளைக்கு ஒரு டேப்லெட்டாம். வியாழக்கிழமை சாயங்காலம் பள்ளிச் சாப்பாட்டுக்கூடத்தில் கூட்டம்; கை தூக்கி ஓட்டு.

"நம்ம பொண்ணு அந்தோனெலாவோட பையை ஒரு தடவை தூக்கிப் பாரு. பதிமூணு வயசுல தோளு ஒரு பக்கமா சாயுது" என்றாள், ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே.

"நம்ம காலத்துல தூக்கலையா? செத்தா போயிட்டோம்?"

"அதைத்தான் கிழவா சொல்றேன். என் இடது தோள் இன்னிக்கும் குடையுது. எல்லாம் அந்தப் பையாலதான்."

வந்ததே எனக்குக் கோபம்! அந்தப் பையைத் தூக்கியது யார்? நான்!

சிலியில், மலைச்சரிவில் கட்டிய எங்கள் வால்பராய்சோவில் படிக்கட்டுதான் தெரு. பள்ளிகள் கீழே, துறைமுகத்தை ஒட்டி. வீடுகள் மேலே, மரிபோசா மேட்டில். அவள் பெண்கள் பள்ளி, நான் ஆண்கள் பள்ளி. ஒரு நாள் சாயங்காலம் படிக்கட்டுத் திருப்பத்தில் பையை இறக்கி வைத்துவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். எனக்குப் பதினைந்து வயது. "குடு" என்றேன். பையை மாட்டியதும் முதுகு பின்னால் இழுத்தது.

"என்ன, கருங்கல்லா வெச்சிருக்கே?"

"அட்லஸ்" என்றாள்.

அன்றிலிருந்து பள்ளிப் படிப்பு முடியும்வரை தினமும் அதே அட்லஸ்தான். கெட்டி அட்டை, ஜன்னல் கதவு அளவுக்கு அகலம். பாதி வழியில் உட்கார்ந்து அதைப் பிரிப்போம். கடல் காற்று பக்கங்களைப் புரட்டும். அவள் உள்ளங்கையால் அமுக்கிப் பிடிப்பாள். ஏதாவது ஓர் ஊரில் விரலை வைத்து, "இங்க போகலாமா?" என்பாள். "போகலாமே" என்பேன். மழை நாட்களில் யார் வீட்டிலோ பூசணி அப்பம் பொரியும் வாசம் வரும். அட்லஸ் நனையாமல் சட்டைக்குள் செருகிக்கொண்டு நான் நனைவேன். அந்த ஊர்களில் ஒன்றுக்குக்கூட நாங்கள் போகவில்லை. ஆனாலும் அந்தச் சாயங்காலங்கள் போல் என் வாழ்க்கையில் வேறு எதுவும் இனித்ததில்லை.

இனி எந்தப் பையன் எந்தப் பெண்ணிடம் "குடு" என்று கேட்பான்? டேப்லெட் என்ன கனம், ஒரு ரொட்டி கனமா? ஆனால் என் வயிற்றெரிச்சல் அதுகூட இல்லை. இவள் என்னை மறந்துவிட்டாள். அவ்வளவு வருஷம் தூக்கியவனைச் சுத்தமாக மறந்துவிட்டு, ஊரெல்லாம் தோள் வலியென்று சொல்லிக்கொண்டு திரிகிறாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அலமாரி மேலிருந்து அந்த அட்லஸை இறக்கினேன். துடைத்து, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கூட்டத்துக்குப் போனேன்.

மேடையில் தலைமை ஆசிரியை லுக்ரேசியா டீச்சர் உட்கார்ந்திருந்தார். அந்தக் காலத்தில் யாஸ்னாவின் பள்ளியில் புவியியல் எடுத்தவர் அவர்தான். யாஸ்னா நன்றாகத்தான் பேசினாள். பிள்ளைகளின் முதுகைப் பற்றிச் சொன்னாள். பிறகு தன் தோளைத் தொட்டுக் காட்டினாள். அவ்வளவுதான், நான் எழுந்துவிட்டேன்.

"பச்சைப் பொய்!" அட்லஸை மேசைமேல் டமாரென்று போட்டேன். "தினம் தினம் இதை மேலே சுமந்தவன் நான். இவ தோளு எப்படி வலிக்கும்? நீங்களே கேளுங்க!"

"அடேங்கப்பா! துறைமுகத்துல மூட்டை தூக்கப் போயிருக்கலாமே வால்தோ!" என்றார் கசாப்புக்கடை டோன் ஓமர். கூடமே சிரித்தது.

லுக்ரேசியா டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு அட்லஸைப் பார்த்தார். "தினமுமா?"

"தினமும்தான் டீச்சர். திங்கள், செவ்வாய், மழைன்னாலும் சரி."

"இதைப் புதன்கிழமை மட்டும்தானே எடுத்துட்டு வரச் சொல்லுவேன்? மத்த நாள்ல அவங்களுக்குப் புவியியலே கிடையாதே."

நான் யாஸ்னாவைப் பார்த்தேன். அவள் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்; காது மடல்வரை சிவந்திருந்தாள். டோன் ஓமர்தான் முதலில் தொடையைத் தட்டிக்கொண்டு, "ஐயோ வால்தோ, இத்தனை வருஷமா இது தெரியாமலா குடும்பம் நடத்துறே!" என்று கத்தினார். அப்புறம் யாராலும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"ஓட்டெடுப்புக்கு வருவோம்" என்றாள் யாஸ்னா. குரல் கம்மியிருந்தது. கைகள் உயர்ந்தன. என் கை உயரவில்லை. எதிர்ப்பெல்லாம் இல்லை, திகைப்புதான். டேப்லெட் கட்சி ஜெயித்தது.

வெளியே விளக்கு ஏற்றியிருந்தார்கள். படியேறினோம். அட்லஸ் என் கையில்.

"ஏண்டி சொல்லவே இல்லை?"

"கேட்டியா நீ? ஒரு நாளாவது கேட்டியா, இன்னிக்கு என்ன பாடம்னு?"

எனக்குச் சந்தோஷம் தலைக்கேறிவிட்டது. அதில் வாயும் நீண்டது. "சரி சரி. அப்ப தோள் வலி பொய்தானே? தூக்குனதெல்லாம் நான்தானே?"

பழைய திருப்பத்தில் அவள் நின்றாள். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"சாயங்காலம் நீ தூக்குனே. காலையில யாரு தூக்குனா?"

ஆண்கள் பள்ளிக்கு மணி முன்னதாகவே அடித்துவிடும். அவள் வீட்டைவிட்டுக் கிளம்பும்போது நான் வகுப்பில் இருப்பேன்.

"திங்கள், செவ்வாய், மழைன்னாலும் சரி" என்றாள், நான் சொன்ன மாதிரியே. "நான் கீழே கொண்டுபோனாத்தானே நீ மேலே கொண்டுவர முடியும், மடையா?"

அந்த இடது தோளைப் பார்த்தேன். இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட அதை நான் ஒழுங்காகப் பார்த்ததில்லை. படிக்கட்டு நடுவில் நின்றபடியே கையை உயர்த்தினேன்.

"என்ன இது?"

"ஓட்டு. டேப்லெட்டுக்கு. என்னையும் சேர்த்துக்கோ."

"கூட்டம் முடிஞ்சு போச்சு, கிழவா. கையை இறக்கு, அட்லஸ் விழுந்துடப் போகுது" என்று சொல்லிவிட்டு அவள் படியேறினாள்.